ஆறு வருடத்தின் விலை

பன்னிரண்டு வயதுச் சரக்கு நாற்பத்து நான்கு பவுண்டு.
பதினெட்டு, நூற்று இருபத்தைந்து.
ஒரே ஆலை, ஒரே ஓடைத் தண்ணீர்,
ஒரே சதுப்புக் கரியின் புகை.
நடுவில் இருப்பது ஆறு வருடம்,
வருடத்துக்குப் பதின்மூன்றரை என்று
பழைய ரசீதின் முதுகில்
கணக்குப் போட்டான் டோர்மட்.
வெளியே கப்பல் ஒருமுறை ஊதிவிட்டது.

"ஷோனா, உண்மையைச் சொல்.
குடித்தால் வித்தியாசம் தெரியுமா?"

இந்தத் தீவில் இருபத்திரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன்.
பதினெட்டை ஒரு சொட்டும் குடித்ததில்லை.
தெரியும் என்றேன்.
வியாபாரியின் நாக்கு,
ருசி பார்க்கும் முன்பே சாட்சி சொல்லும்.

பீப்பாயில் கிடக்கையில்
கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு போய்விடுகிறது.
தேவதைகளின் பங்கு என்று
சுற்றுலா வருகிறவர்களிடம் சொல்வோம், சிரிப்பார்கள்.
சிரித்துக்கொண்டே
போனதற்கும் சேர்த்துக் காசு கொடுப்பார்கள்.
போன கோடையில் ஒரு ஜெர்மன்காரர் இரண்டு வாங்கினார்.
திறக்கவே மாட்டாராம்.
அது குடிக்க அல்ல, வைத்திருக்க என்று
எனக்கே பாடம் எடுத்துவிட்டுப் போனார்.

டோர்மட் யாருக்கு வாங்குகிறான் என்று நான் கேட்கவில்லை.
முன்னூறு பேர் இருக்கும் தீவில்
கேட்பதற்கு ஏது மிச்சம்?
அக்கரையில் இருக்கும் அண்ணன் லாக்லனுக்கு.
கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில்
தொண்டைக்குக் கதிர்வீச்சு முடிந்து வீடு வந்திருக்கிறான்.
அண்ணன் தம்பி முகம் கொடுத்துப் பேசி ஒன்பது வருடம்,
படகுக் கொட்டகை எரிந்த ராத்திரியிலிருந்து.
அடுப்பை அணைக்காமல் போனது யார் என்பதில்
ஆளுக்கொரு ராத்திரி வைத்திருந்தார்கள்.

ஆறு வருடத்துக்கு எண்பத்தொரு பவுண்டு, சரி.
ஒன்பதுக்கு?
என் அலமாரியில் அப்படியொரு புட்டி இல்லை.

கப்பல் இரண்டாம் முறை ஊதியது.
பதினெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினான்,
மிச்சம் ஐந்து பவுண்டை வாங்காமலே.

மீதி அவன் சொல்லித்தான் தெரியும்.
அவன் சொல்கிறவன் இல்லை,
அதனால் துண்டு துண்டாக.

லாக்லன் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம்.
வயதைப் படித்தான். விலையை ஊகித்தான்,
கூடுதலாகவே.
அதில் டோர்மட்டுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.
ஊற்றினார்கள்.
உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு அண்ணன் சொன்னான்:
"ஒன்றும் தெரியவில்லைடா.
நாக்கை அங்கேயே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.
ஓட்ஸ் கஞ்சியும் இதுவும் ஒன்றுதான்.
நீ குடி. குடித்துவிட்டு
எப்படி இருக்கிறதென்று சொல்."

நூற்று இருபத்தைந்து பவுண்டைச் சொல்ல
டோர்மட்டிடம் பத்து வார்த்தைகள் இல்லை.
சிங்கி இறாலுக்குக் கூண்டு போடுகிறவன்.
தேன் என்றான் முதலில்.
"அது அட்டையில் போட்டிருக்கிறது, நானும் படித்தேன்."
ஈரக் கயிறு என்றான்.
கிறிஸ்துமஸ் முடிந்து மறுவாரம்
கோட்டுப் பைக்குள் கிடைக்கும் ஆரஞ்சுத் தோல்.
வெயிலேறிய தார்,
நம் படகின் அடியில் பூசுவோமே, அது.
பிறகு
புகை என்றான்.
நிறுத்திக்கொண்டான்.

எந்தப் புகை என்று கேட்டானாம் லாக்லன்.

அன்றைக்குத் திரும்புகிற கப்பல்
அவன் இல்லாமல் வந்தது.

திங்கட்கிழமை கடைக்கு வந்தான்.
கிண்ணத்தில் போட்டு வைத்திருந்த
ஐந்து பவுண்டை எடுத்து நீட்டினேன்.
கொடுத்த காசுக்குத் தகுமா என்று கேட்டேன்.
வாங்கிப்போன எவரிடமும் நான் கேட்டிராத கேள்வி.
காதைச் சொறிந்தான்.
"மூன்றாவது டம்ளர் வரை தகும்.
அதற்கப்புறம் எதைக் குடித்தேன் என்று எனக்கே தெரியாது."
கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்:
"அடுப்பை விட்டுவிட்டுப் போனது நான்தான்."

நான் கல்லாவைத் திறந்தேன், மூடினேன்.

வருகிற சனிக்கிழமையும் போகிறானாம்.
பன்னிரண்டைக் கைகாட்டினான்.
"அதிலும் புகை இருக்கும்தானே?"

இருக்கும் என்றேன்.
அதை நான் குடித்திருக்கிறேன்.